சாபிரா வளர்த்த புழுக்கள்

சாபிராவின் வீட்டில் ஒரு கொசுப்புழுகூடக் கிடையாது. அந்த வருஷம் அவளுக்கு நேர்ந்த கஷ்டத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

வீடு என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்தான். ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே, கயிற்றுச் சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கியின் பின்னால், ஆறு குடிசைகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. இடம் கிட்டங்கி முதலாளி ஆசீர்வாதத்துடையது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கயிறும் கருப்பட்டியுமாக வந்து பட்டணத்தில் ஊன்றிக்கொண்டவர். குடிசைகளைக் காட்டினால் வீட்டுவரி வரும் என்று அந்த இடத்தை ஏட்டில் 'காலி மனை' என்றே வைத்திருந்தார். ஆகவே ஆறு குடும்பமும் சர்க்கார் பார்வையில் எங்கேயும் குடியிருக்கவில்லை. காலையில் எழுந்து, சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை பெற்று, எல்லாமே வெறும் காற்றில்.

கடற்காற்று அடிக்கிற பிற்பகல்களில் சாபிராவுக்கே அது நிஜம்போலத் தோன்றும். கோணிப்பை தைக்கிற ஊசியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். துறைமுகத்துக் கரித்தூள் வெயிலில் மினுங்கிக்கொண்டு மிதந்து வரும். தூரத்தில் ஒரு கப்பல் தொண்டையைக் கனைக்கும். குடிசையும் மெல்லக் கட்டவிழ்ந்து அதன் பின்னாலேயே போய்விடும்போல இருக்கும். அவள் புருஷன் தாவூது கப்பலில் கலாசி, வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவன். இருவருமே மிதக்கிறவர்கள்தான். அவன் மிதந்த இடத்துக்கு மட்டும் ஒரு பேர் இருந்தது.

மிதப்பதில் அதுவரை பெரிய இடைஞ்சல் இல்லை. அவளுக்கும் இரண்டு பெண்களுக்குமான ரேஷன் அரிசி, தண்டையார்பேட்டையில் மச்சான் ஷாகுல் ஹமீதின் கார்டில் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. குடியரசு வந்த வருஷம் ஆடி மாசம், தோல் மண்டி வேலைக்காக மச்சான் வாணியம்பாடிக்குக் குடிபோனார். கார்டும் கூடவே போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் மரவள்ளிக் கிழங்கு. அவித்த கிழங்கு, சுட்ட கிழங்கு, கிழங்கு மாவில் ரொட்டி. சின்னவள் தட்டைப் பார்த்ததும் தூக்கம் வருகிறது என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா கெட்டவர் அல்ல. சாபிரா நீட்டிய ஒரே காகிதத்தை, தாவூது அனுப்பிய கடிதத்தை, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டு ஸ்டாம்பைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"இது கப்பல் கடுதாசிம்மா. உன் பேரும் வூட்டு நம்பரும் போட்டு சர்க்கார் குடுத்த காகிதம் எதுனா இருந்தா எடுத்துக்கினு வா. ஒரு துண்டு போதும். முப்பதாந் தேதிக்குள்ள வந்துடு, அப்பால பட்டியலை மூடிடுவாங்க."

அடுத்த சந்தில் இருந்த ரோசியிடம் இதைச் சொன்னாள். ரோசி காசிமேட்டு மீனைக் கூடையில் சுமந்து விற்பவள். அவள் குரல் மட்டும் கூடைக்கு முன்னாலேயே தெருவுக்குள் வந்துவிடும்.

"என் கார்டு எப்டி வந்திச்சின்னு நெனச்சே? இதோ பார்." ரோசி மாதா படத்துக்குப் பின்னாலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. ரோசி அதை ஜெபம்போல மனப்பாடமாகச் சொன்னாள்: "கடற்கரைச் சந்து, கதவு எண் முப்பத்தொன்றில் வசிக்கும் ரோசி என்பவருக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், தங்கள் வீட்டெல்லையில் பொதுஜன சுகாதாரத்துக்கு இடைஞ்சலாகக் கொசுப்புழு உற்பத்தி ஆவதாகத் தெரியவருவதால், ஏழு நாளைக்குள் மேற்படி இடைஞ்சலை ஒழிக்கத் தவறினால்..."

"தவறினா?"

"அது கெடக்குது. மேல பார்மே. 'வசிக்கும் ரோசி'ன்னு போட்டுக்கீறான் பாரு. சர்க்காரே சொல்லிட்டான், நா வசிக்கிறேன்னு. இத்த காட்டினேன், குமாஸ்தா மூச்சு வுடல. உன் வூட்ல புழு கீதா?"

சாபிரா தலைகுனிந்தாள். தினமும் பானையைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்கிறவள் அவள். மழைக்காலத்தில் வாசலில் நிற்கிற தண்ணீரைக்கூடக் கொட்டாங்கச்சியால் முகந்து கொட்டிவிடுவாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா."

"சுத்தமா இருந்து இன்னாத்த கண்டே?" என்றாள் ரோசி.

அன்று சாயங்காலமே சாபிரா ஒரு மண்பானையில் தண்ணீர் பிடித்துக் குடிசைக்குப் பின்னால் வைத்தாள். கை பரபரத்தது. இரண்டு தரம் அதைக் கவிழ்க்கப் போனவளை மூத்தவள் சபீஹா தடுத்தாள். நான்கு நாள் ஆயிற்று. தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. வானத்தைக் காட்டியது, காக்கையைக் காட்டியது, சாபிராவின் முகத்தைக் காட்டியது. புழு மட்டும் இல்லை. இந்த மனை காலி என்று கொசுக்களுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் போலும்.

ஐந்தாம் நாள் ரோசி ஒரு தகர டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். "என் பீப்பாயில எடுத்தது. தயிருக்கு உறை ஊத்துற மாதிரி ஊத்து. தானே பெருகும்."

பெருகியது. இரண்டு பிடி வைக்கோலையும் போட்டு ஊறவைத்தபின் தாய்க்கொசுக்களும் தாமாகவே வந்தன. பின்பக்க இறவாரத்தின் ஓட்டை வழியே வட்டமாக ஒரு வெயில் பானைக்குள் இறங்கும். சாபிரா தையலை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்திருப்பாள். புழுக்கள் சுருண்டன, நிமிர்ந்தன, வால் நுனியால் தண்ணீரின் தோலைத் தொட்டுத் தொங்கின, நிழல் பட்டால் சட்டென்று கீழே சிதறின. யாரோ அடியில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுவதும் பிடிக்காமல் அழிப்பதுமாக இருப்பதுபோலிருந்தது. படிக்கத் தெரியாதவளுக்கு எல்லா எழுத்தும் அப்படித்தான் நெளியும். இதில் தன் பேர் எந்த இடத்தில் வரும் என்று அவள் தேடினாள். தேடத் தேடக் கண் செருகும். கனவில் தாவூது பானைக்குள்ளிருந்து கப்பல் ஏணி வழியாக ஏறி வந்து, கதவு எங்கே என்று கேட்பான்.

இனி இன்ஸ்பெக்டர் வரவேண்டியதுதான்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ரகுபதியைப்போல நோட்டீஸ் கொடுத்தவர் அந்த வட்டாரத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காக்கி அரைக்கால் சட்டை, வெயில் தொப்பி, கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளைப் பீங்கான் கரண்டி. அந்தக் கரண்டியைத் தொட்டியில் விட்டு எடுத்து, கண்ணருகே உயர்த்திப் பார்ப்பார். சில்லறைப் பயல்கள் பார்க்கிற பார்வை அல்ல அது. ஒரு சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றுகிறவர் பார்க்கிற பார்வை. தென்னை மட்டையில் தண்ணீர் நின்றால் மரத்துக்காரருக்கு நோட்டீஸ், மீன் கூடையில் நின்றால் கூடைக்காரிக்கு. ஒரு கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்புக்கே நோட்டீஸ் கொடுத்தாரென்று பேச்சு. ஆனால் ஆசீர்வாதத்தின் கிட்டங்கிக்கு வந்தால் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு முன்வாசலோடு திரும்பிவிடுவார். பின்னால் இருப்பதுதான் காலி மனையாயிற்றே.

சாபிராவே போய் அழைத்தாள். கிட்டங்கியிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவரை வழிமறித்து, "சார், பின்னால வாங்க. என் வூட்ல புழு கீது" என்றாள்.

ரகுபதி நின்றுவிட்டார். இருபது வருஷ சர்வீஸில் யாரும் அவரை இப்படி விருந்துக்குக் கூப்பிட்டதில்லை. கூடவே வந்தவர் வேலப்பன். தண்ணீரில் எண்ணெய் ஊற்றிப் புழுவைக் கொல்கிற தொழிலாளி, முதுகில் தகர டின். இருவரும் பானையருகே வந்தார்கள். ரகுபதி கரண்டியை முக்கி எடுத்தார். கரண்டி நிறையப் புழு. உயர்த்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமான ஜலம்" என்றார்.

"சார், நெளியுது" என்றார் வேலப்பன்.

"கடற்காற்று அடிக்கிறது, வேலப்பன். ஜலம் நெளியத்தான் நெளியும்."

சாபிராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லா பாருங்க சார். எம்மாம் பெருசு பெருசா கீது. ஒரே ஒரு நோட்டீஸ் எய்தி குடுத்துட்டு போங்க சார்."

"அம்மா, இந்த வட்டத்தில் புழு கிடையாது. இல்லையென்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது." கரண்டியைத் திரும்பப் பானையிலேயே பக்குவமாகக் கவிழ்த்தார். "அப்படியே இருக்கிறதென்று வைத்துக்கொண்டாலும் நோட்டீஸ் யாருக்குக் கொடுப்பது? விதி என்ன சொல்கிறது? வீட்டில் வசிப்பவருக்கு. இங்கே வீடு எங்கே இருக்கிறது?"

"நா நிக்கிறேனே சார்."

"நீ நிக்கறே. வீடு நிக்கலையே." இதைச் சொல்லிவிட்டு, தாம் சொன்னது நன்றாக வந்துவிட்டதென்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

வேலப்பன் பின்தங்கினார். பழக்கதோஷத்தில் டின்னின் குழாயைப் பானைப்பக்கம் திருப்பினார். சாபிரா குறுக்கே விழாத குறையாக இரண்டு கையாலும் பானை வாயை மூடிக்கொண்டாள்.

"ஊத்தாத நைனா. உனக்குப் புண்ணியமா போவும்."

"வந்தவன் போனவன்லாம் ஊத்து ஊத்துன்னுவான். ஊத்தாதன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மே." வேலப்பன் குழாயைத் தொங்கவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"இப்ப எய்த மாட்டாரும்மா. சுகாதார வாரம் வருதுல்ல? எந்த வட்டத்துல இந்த மாசம் ஒரு நோட்டீஸ்கூட இல்லியோ அந்த வட்டத்து இன்ஸ்பெட்டருக்கு வெள்ளிக் கோப்பை. உங்க மொதலாளிதான் குடுக்கறாரு. இருவத்தெட்டாந் தேதி சாயங்காலம், இதோ இந்தக் கிட்டங்கி முத்தத்துலயே பந்தலு. கார்ப்பரேசன் பெரிய டாக்டர் வராரு. சாருக்கு ஒரு மாசமா கண்ணே தெரியறதில்ல. நேத்து ஒரு சாக்கடையப் பார்த்து வாய்க்கால்னாரு."

"பெரிய டாக்டருக்குக் கண்ணு தெரியுமா?"

வேலப்பன் யோசித்தார். "அந்தாளு ஒரு மாதிரி. மாலை போட்டாக்கூட அத்த அவுத்து வெச்சிட்டு, கரண்டிய குடுன்னுவாரு."

அன்றிலிருந்து சாபிரா நாள் எண்ணினாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. புழுக்கள் அவள் சொன்னபடி கேட்கவில்லை. கொழுத்தன. கொழுத்தபின் சாப்பிடுவதை நிறுத்தி, தலை பெருத்து, கேள்விக்குறிபோல வளைந்து மிதந்தன. அதற்கப்புறம் முதுகு வெடித்து ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. இருபத்தைந்தாம் தேதி பாதிப் பானை காலி. அவள் வளர்த்த எழுத்தெல்லாம் அவள் கண்ணெதிரே இறக்கை கட்டிக்கொண்டு கடல்பக்கம் போயிற்று. சாபிரா ரோசியிடம் ஓடிப்போய் இன்னொரு டம்ளர் உறை வாங்கி வந்து ஊற்றினாள். தாவூதின் பழைய மல் துண்டை எடுத்துப் பானை வாயில் இறுகக் கட்டினாள். துண்டுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பெண்கள் இரண்டும் பானையில் காது வைத்துக் கேட்டன. "உம்மா, பாடுது" என்றாள் சின்னவள், கிழங்கைத் தின்ன மறந்து.

இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கிட்டங்கி முற்றத்தில் கூட்டம் நிறைந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், காகிதத் தோரணம், மேஜைமேல் வெள்ளிக் கோப்பை. கயிற்றுச் சுருள்களை அடுக்கி வெள்ளை வேட்டி போர்த்தியிருந்ததில் மேடை பார்க்கப் பனிமலைபோல இருந்தது. பெரிய டாக்டர் ஒல்லியாய், தூக்கம் கெட்டவர்போல உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் ரகுபதி. வலப்பக்கம், மூன்று மாலையோடு ஆசீர்வாதம். மூன்றில் இரண்டு அவரே வாங்கியவை.

மேடைக்குப் பின்னால் ஒரு தட்டி. தட்டிக்குப் பின்னால் குடிசைகள். கோடிக் குடிசைக்குப் பின்னால் பானை, பானைக்குப் பக்கத்தில் சாபிரா. உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எல்லாம் பறந்துவிட்டதா என்று தெரியாமல் துண்டின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். ரகுபதி பேச எழுந்தார்.

"மகாஜனங்களே, நான் இந்த வட்டத்தில் காலடி வைத்தபோது கொசுவின் ராஜ்யம் நடந்தது. இன்று தேடிப் பாருங்கள். ஒரு கொசு, ஒரே ஒரு கொசு..."

என்ன இருக்கிறதென்று பார்ப்பதற்குத்தான் சாபிரா துண்டை அவிழ்த்தாள். அப்படித்தான் பிற்பாடு ரோசியிடம் சொன்னாள். பானைக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகைபோல ஒன்று எழுந்தது. அவசரமில்லாமல் சுழன்றது. சாய்ந்த வெயிலில் பொன்னாக மினுங்கிற்று. கடற்காற்று அதைத் தட்டிக்குமேல் தூக்கி, மேடைப்பக்கம் கொண்டுபோய் மெதுவாக இறக்கிவைத்தது.

ரகுபதியின் பேச்சில் ஒரு தடங்கல் வந்தது. கழுத்தில் ஒரு அடி. பிறகு பேச்சு. பிறகு காதில் ஒரு அடி. முன்வரிசையில் கைதட்டல்போலக் கேட்டது, ஆனால் யாரும் பேச்சைப் பாராட்டவில்லை. பெரிய டாக்டர் தம் முன்கையில் உட்கார்ந்ததை அடிக்காமல், குழந்தையைப் பார்ப்பதுபோலச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிக் கோப்பைக்குப் போட்டுவிட்டு எழுந்தார்.

"கரண்டியைக் குடுப்பா" என்றார் வேலப்பனிடம்.

வேலப்பன் அவரைத் தட்டியைச் சுற்றி நேராகப் பானைக்கே அழைத்துவந்தார். வழி தெரியாதவர்போல ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பின்னாலேயே ரகுபதி, அவர் பின்னால் மாலை சரசரக்க ஆசீர்வாதம், அவருக்குப் பின்னால் பாதி ராயபுரம். டாக்டர் கரண்டியை முக்கி எடுத்து ரகுபதியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்தப் புழு யாருடையது?"

ரகுபதி தம் வாழ்க்கையிலேயே வேகமாக யோசித்தது அப்போதுதான். "இது எங்கள் ஜாபிதாவிலேயே சேராத இடம் சார். காலி மனை. வீடு கிடையாது. வீடில்லாத இடத்தில் நோட்டீஸ் கொடுக்க விதி இல்லை சார்."

"ஓகோ. காலி மனையில் தண்ணீர் நின்றால் மனைக்குச் சொந்தக்காரர் பொறுப்பு. அதற்கு விதி இருக்கிறது. இந்த மனை யாருடையது?"

எல்லாத் தலையும் மூன்று மாலை இருந்த பக்கம் திரும்பிற்று. கோப்பை கொடுக்க வந்த மனிதர் புழுவுக்குச் சொந்தக்காரராகிற காட்சியை ராயபுரம் அனுபவிக்க ஆரம்பித்தது. ஆசீர்வாதம் ஒரு மாலையைக் கழற்றினார்.

"ஐயா, காலி மனைன்னு யாரு சொன்னா? இன்ஸ்பெட்டர் ஐயாவுக்கு வெவரம் பத்தாது. இது நம்ம சாபிரா வீடுல்லா? ஏழு வருசமா இங்கனதான குடியிருக்கா. கப்பக்காரன் பெஞ்சாதி. நல்ல பிள்ள. புழு விசயத்துலதான் கொஞ்சம் கவனக்கொறவு."

"வீடுதானா?"

"வீடேதான். நெலையும் கதவும் நானே வச்சுக் குடுத்தேம்லா." அங்கே நிலையும் இல்லை, கதவும் இல்லை. ஒரு கோணிப் படுதா ஆடிக்கொண்டிருந்தது.

"கதவு எண்?"

ஆசீர்வாதம் கிட்டங்கியைத் திரும்பிப் பார்த்தார். கிட்டங்கி ஒன்பது. "ஒம்பது ஏ-ன்னு போட்டுக்கிடுங்க."

சாபிராவுக்குக் காலடியில் மண் இறுகுவதுபோல இருந்தது. ரகுபதி நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். ஒரு மாசமாகத் திறக்காத புத்தகம், தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. புழு ஆசீர்வாதத்துடையது அல்ல, தம்முடையதும் அல்ல என்று ஆன நிம்மதியில் அவர் கை ஓடிற்று. பேரைக் கேட்டார். சாபிரா சொன்னாள். புருஷன் பேரைக் கேட்டார். சொன்னாள். அவர் எழுத எழுத, நீல மையில் புழுக்கள் சுருண்டு நிமிர்ந்து வரிசையாக உட்கார்ந்தன. இவை சிதறவில்லை.

அவர் தாளைக் கிழிக்கும் முன்பே மற்ற ஐந்து குடிசைகளிலிருந்தும் ஆளுக்கொரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். "எங்க வூட்லயும் கீது சார்." ரோசியின் பீப்பாய் அந்த வாரம் முழுக்க உறை கொடுத்திருந்தது. ஆசீர்வாதம் இரண்டாவது மாலையையும் கழற்றினார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, குமாஸ்தா அந்தக் காகிதத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். "ராயபுரம், கதவு எண் ஒன்பது ஏ-யில் வசிக்கும் சாபிரா..." அதற்குமேல் என்ன குற்றம் எழுதியிருக்கிறதென்று அவர் பார்க்கவில்லை. கார்டில் மூன்று பேரை எழுதினார். அன்று பகல் குடிசையில் சோற்று வாசனை வந்தது. சின்னவள் வடித்த கஞ்சியைக்கூட விடவில்லை.

ஏழாம் நாள் ரகுபதி இடைஞ்சல் ஒழிந்ததா என்று பார்க்க வந்தார். கோப்பை வேறு வட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. அந்த வட்டத்துக்காரருக்குக் கண் இன்னும் மோசம் என்று வேலப்பன் சொன்னார். ரகுபதிக்கோ பார்வை முழுக்கத் திரும்பியிருந்தது. வரும் வழியில் ஒரு செருப்புக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

"கொட்டு" என்றார்.

சாபிரா பானையைத் தூக்கினாள். ஒரு கணம் உள்ளே பார்த்தாள். கடைசிப் புழுக்கள் எதையோ எழுதி முடிக்கப் பார்த்தன. சூடான மணலில் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு பெருமூச்சோடு உள்ளே இறங்கிற்று. அவள் நாரை எடுத்துப் பானையைத் தேய்க்க உட்கார்ந்தாள். கைக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ரகுபதி புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். "இன்னா சார் எய்தினீங்க?"

"கதவு எண் ஒன்பது ஏ, சாபிரா வீட்டில் இருந்த இடைஞ்சல் ஒழிந்தது."

அவள் சாம்பல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நீட்டினாள். "அத்தயும் ஒரு துண்டு எய்தி குடுங்க சார்."